இஃதிபார்: அபூஸீர் இடிபாடுகளும் அல்பக்தாதியின் நூலும்

எகிப்தியப் பிரமிடுகளைப் பற்றி அரபு மொழியில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவற்றை இரு வகையில் அடக்கிவிடலாம். ஒன்று, வியப்பு வகை. நூஹ் (அலை) அவர்கள் காலத்து வெள்ளத்துக்கு முன்பே ஸூரீத் என்னும் மன்னன் கனவொன்று கண்டு அஞ்சி, அறிவுச் செல்வங்களைக் காப்பதற்காக இவற்றை எழுப்பினான் என்பது போன்ற கதைகள் இவ்வகையைச் சேரும். அரபு இலக்கியத்தில் இதற்கு ‘அஜாயிப்’ என்று பெயர். மற்றொன்று, எச்சரிக்கை வகை. ஆணவம் கொண்ட ஃபிர்அவ்ன் கட்டினான், இறைவன் அழித்தான், மணலும் கல்லும் மிஞ்சின என்பது இதன் சாரம். நம் தமிழ் மேடைகளுக்கு வந்து சேர்ந்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

முதல் வகைக்காரர் கல்லைப் பார்த்ததும் கதைக்குப் போய்விடுகிறார். இரண்டாம் வகைக்காரர் கல்லைப் பார்ப்பதற்கு முன்பே முடிவுக்கு வந்துவிடுகிறார். இவ்விருவரிலிருந்தும் விலகி, கல்லின் அருகில் நின்று, அளந்து, ஐயுற்று, பின்னர் படிப்பினை கூறிய ஒருவர் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் வாழ்ந்தார். அவர்தாம் முவஃப்பகுத்தீன் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (ரஹ்). அவருடைய ‘கிதாபுல் இஃபாதா வல் இஃதிபார்’ என்னும் சிறுநூலை, குறிப்பாகப் பண்டைச் சின்னங்களைப் பேசும் அதன் நான்காம் அத்தியாயத்தை, இங்கு மதிப்பிட விழைகிறோம். அந்நூலைச் சோதிப்பதற்கு உகந்த இடம் புகழ்பெற்ற கீஸா அன்று. அதற்குத் தெற்கே இடிந்து கிடக்கும் அபூஸீர் என்னும் கல்லறைப் பெருவெளியே ஆகும்.

நூலாசிரியர் 1162இல் பக்தாதில் பிறந்து, 1231இல் அங்கேயே மறைந்தவர். இலக்கணம், ஹதீஸ், ஃபிக்ஹு ஆகியவற்றைக் கற்று, மருத்துவத்திலும் தத்துவத்திலும் ஆழ்ந்தவர். ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் ஆதரவைப் பெற்றவர். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பாடம் நடத்தியவர். அவருடைய வரலாற்றை இப்னு அபீ உஸைபிஆ தம் மருத்துவர் வரலாற்று நூலில் விரிவாகத் தந்துள்ளார். 1200ஐ ஒட்டி நைல் நதி பொய்த்து எகிப்தில் கொடும்பஞ்சம் நேர்ந்தபோது அவர் அங்கிருந்தார். அந்தப் பஞ்சத்தின் நேரடிச் சாட்சியம்தான் நூலின் பிற்பகுதி. அவர் தம் கையாலேயே எழுதிய பிரதி ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 1810இல் அதைப் பிரெஞ்சில் பெயர்த்தவர் சில்வெஸ்டர் தெ சாசி. எகிப்தின் பழைய சித்திர எழுத்தை 1822இல் படித்துக்காட்டிய ஷாம்போலியன் அவரிடம் பயின்றவர்.

நூலின் முழுப்பெயரே அதன் கொள்கையைச் சொல்லிவிடுகிறது. ‘எகிப்து மண்ணில் காணப்பட்ட பொருள்களிலும் கண்முன் நிகழ்ந்த நிகழ்ச்சிகளிலும் பயனும் படிப்பினையும்’ என்று அதைத் தமிழாக்கலாம். பார்த்தல் என்னும் பொருளுடைய சொற்கள் தலைப்பிலேயே இருமுறை வருகின்றன. ‘இஃதிபார்’ என்பதன் வேர்ச்சொல்லுக்கு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடத்தல் என்பது பொருள். கனவுக்கு விளக்கம் கூறுதலும், கண்ணிலிருந்து வழியும் நீரும் இவ்வேரிலிருந்தே பெயர் பெற்றன. காண்பதிலிருந்து காணாததற்குக் கடந்து செல்வதே இப்ரத்து. கடக்க வேண்டுமானால் இக்கரையில் கால் ஊன்றியிருக்க வேண்டும். திருக்குர்ஆனும் படிப்பினை பெறுமாறு கட்டளையிடும்போது கண்ணுடையோரை விளித்தே கட்டளையிடுகிறது என்பதை நாம் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

அல்பக்தாதி தம் தலைப்புக்கு உண்மையாக இருந்தாரா? நான்காம் அத்தியாயத்தின் தொடக்கமே விடை தருகிறது. பிரமிடுகள் பல, அவை நைலின் மேற்குக் கரையில் நெடுந்தூரம் வரிசையாக உள்ளன, பூஸீரில் பல இருக்கின்றன, சில பெரியவை, சில சிறியவை, சில மண்ணாலும் செங்கல்லாலும் ஆனவை, பெரும்பாலானவை கல்லாலானவை, சில படிப்படியாக உயர்பவை, பெரும்பாலானவை வழவழப்பானவை என்று வகைப்படுத்துகிறார். ஒவ்வொன்றையும் எந்த அரசன் கட்டினான் என்ற கேள்விக்கு விடை தெரியாத காலத்தில், பொருளையும் வடிவையும் கொண்டு பிரித்தறிவதே நேர்மையான முதற்படி. அதை அவர் செய்திருக்கிறார்.

அடுத்து அளவு. பெரிய பிரமிடின் உச்சிக்கு அருகிலுள்ள ஊர்க்காரர் ஒருவரை ஏறச்செய்து, அவருடைய தலைப்பாகைத் துணியைக் கொண்டே மேற்பரப்பை அளக்கச் செய்கிறார். அளவையில் தேர்ந்த ஒருவர் சொன்ன உயரக் கணக்கில் பிழை இருக்கக்கூடும் என்று ஐயுற்று, இறைவன் துணைபுரிந்தால் தாமே அளந்து பார்க்க எண்ணுவதாக எழுதுகிறார். கற்களின் மீதிருந்த எழுத்துகளைப் பற்றி, அவற்றைப் படிக்கத் தெரிந்தவரென்று எகிப்து முழுவதிலும் ஒருவரையும் தாம் காணவில்லை என்று ஒளிவின்றிச் சொல்கிறார். படிக்கத் தெரிந்தது போல் பொருள் கூறிய ‘அஜாயிப்’ எழுத்தாளர்களுக்கு இடையில் இந்த ஒப்புதல் அருமையானது.

இவை யாவற்றையும்விட முக்கியமான ஓர் இடம் பஞ்சத்தைப் பற்றிய பகுதியில் வருகிறது. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளின் சேர்க்கை என்று ஜாலீனூஸ் எழுதியிருந்தார். பல நூற்றாண்டுகளாக அது பாடமாகவே ஓதப்பட்டது. பஞ்சத்தில் மடிந்தோரின் எலும்புகள் குன்றெனக் கிடந்த அல்மக்ஸ் என்னும் இடத்தில், தம்மிடம் பயின்றோருடன் சென்று, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மண்டைகளைப் பார்த்து, கீழ்த்தாடை ஒரே எலும்புதான் என்று அல்பக்தாதி உறுதிசெய்தார். அத்துடன் அவர் நிற்கவில்லை. காலம் செல்லச் செல்ல, மறைந்திருக்கும் பொருத்துகள் விட்டுப்போய் வெளிப்பட்டுவிடும் அல்லவா? எனவே பூஸீரின் பழங்கல்லறைகளுக்குச் சென்று அங்கிருந்த தொன்மையான தாடைகளையும் சோதித்தார். அவற்றிலும் பொருத்து இல்லை.

அவ்விடத்தில் ‘சோதித்தேன்’ என்பதற்கு அவர் ஆளும் வினைச்சொல் ‘இஃதபர்து’ என்பதாகும். நூலின் தலைப்பிலுள்ள அதே சொல்! உபதேசி ‘படிப்பினை பெறுதல்’ என்னும் பொருளில் ஆளும் சொல்லை இம்மருத்துவர் ‘ஆராய்ந்து பார்த்தல்’ என்னும் பொருளில் ஆள்கிறார். இவை இரு வேறு செயல்கள் அல்ல, ஒரே செயலின் முதற்பாதியும் பிற்பாதியும் என்பதே இந்நூலின் சாரம் என்று நாம் கருதுகிறோம். முதற்பாதியைச் செய்யாதவருக்குப் பிற்பாதியில் உரிமை இல்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் மேடைக்கூற்றைச் சோதித்துப் பார்ப்போம். பிரமிடுகளை இடித்தது யார்?

அபூஸீரில் இன்று நிற்பவை எகிப்தின் ஐந்தாம் அரசமரபினரின் பிரமிடுகள். ஸாஹூரெ, நெஃபெரிர்காரெ, நெஃபெரெஃப்ரெ, நியுஸெர்ரெ ஆகிய அரசர்களுடையவை இவை. காலம் ஏறத்தாழ கி.மு. 25ஆம் நூற்றாண்டு. தூரத்திலிருந்து பார்ப்போர்க்குச் சரிந்த மண்மேடுகளாகவே தோன்றும். இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, இவற்றின் உட்கட்டு சிறு கற்களாலும் சாந்தாலும் ஆனது. கீஸாவின் பெருங்கற்களைப் போன்றதன்று. இரண்டாவது, அந்த உட்கட்டைப் போர்த்தியிருந்த துரா சுரங்கத்து உயர்தர வெண்சுண்ணாம்புக்கல் பிற்காலத்தவரால் உரித்தெடுக்கப்பட்டுவிட்டது. போர்வை போனபின் உள்ளிருந்தது உதிர்ந்தது.

உரித்தவர்கள் யாவர் என்ற வினாவுக்கு விடை இன்னும் சங்கடமானது. கல் திருட்டைத் தொடங்கியோர் ஃபிர்அவ்ன்களே. பன்னிரண்டாம் அரசமரபைச் சேர்ந்த முதலாம் அமெனெம்ஹெத் லிஷ்த் என்னுமிடத்தில் தன் பிரமிடைக் கட்டியபோது, பழைய அரசர்களின் கட்டடக் கற்களைக் கொண்டுவந்து உள்ளே வைத்தான். பின்னர் ரோமரும் எடுத்தனர். கீஸாவின் சிறு பிரமிடுகள் பலவற்றை ஸலாஹுத்தீன் காலத்தில் அமீர் கராகூஷ் இடித்துக் கல்லெடுத்தார் என்று அல்பக்தாதியே எழுதுகிறார். வடக்கே அபூ ரவாஷில் அரசன் ஜெதெஃப்ரெயின் பிரமிடிலிருந்து 19ஆம் நூற்றாண்டில்கூட நாளொன்றுக்கு 300 ஒட்டகச் சுமை கல் இறங்கிக்கொண்டிருந்ததாகத் தாம் கேள்வியுற்றதை ஃபிளிண்டர்ஸ் பெட்ரி பதிந்துள்ளார். ஆக, இது வானிலிருந்து இறங்கிய தண்டனையின் தடம் அன்று. நாலாயிரம் ஆண்டுக்காலக் கல் வணிகத்தின் தடம்.

மூஸா (அலை) அவர்களின் காலத்து ஃபிர்அவ்னுக்கும் இப்பிரமிடுகளுக்கும் உள்ள தொடர்பையும் பார்க்க வேண்டும். திருக்குர்ஆன் அவனுடைய இயற்பெயரைக் கூறவில்லை. அவன் இரண்டாம் ரம்சேஸ் என்று கருதுவோர் பலர். அக்கருத்தை ஒரு வாதத்துக்காக ஏற்றுக்கொண்டால் என்ன கிடைக்கிறது? அந்த ரம்சேஸின் மகன் காஎம்வாஸெத், ஸக்காராவில் இடிந்துகிடந்த ஊனாஸ் மன்னனின் பிரமிடைப் பழுதுபார்த்து, அதன் பக்கத்தில் கல்வெட்டும் பொறித்தான். ஊனாஸுக்கும் அவனுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. அதாவது, மூஸா (அலை) அவர்களின் காலமென்று இவர்கள் கருதும் காலத்திலேயே பிரமிடுகள் பழம்பொருள்கள். அரச குமாரனே அவற்றைத் தேடிச்சென்று பார்த்த இடிபாடுகள். அவற்றைக் கட்டியவன் மூஸாவின் எதிரி என்பதும், பனீ இஸ்ராயீலர்களின் முதுகில் கசையடி விழ அவை எழுந்தன என்பதும் காலக்கணக்குக்கு ஒவ்வாதவை. இறைமறை அந்தக் கொடுங்கோலன் கடலில் மூழ்கியதைச் சான்றாக முன்வைக்கிறது. அச்சான்றுக்குப் பிரமிடின் துணை தேவையில்லை.

பொய்யான செய்தியின் மீது எழுப்பப்படும் படிப்பினை கேட்பவரைச் சில நாள்கள்தாம் தாங்கும். நம் இளைஞர் ஒருவர் கல்லூரி நூலகத்தில் எகிப்து வரலாற்றைத் திறந்தவுடன் அது சரிகிறது. சரியும்போது மேடையில் சொன்ன பிறவற்றின் மீதும் அவருக்கு ஐயம் விழுகிறது. இதனால்தான் இவ்விஷயத்தை வெறும் தொல்பொருள் விவகாரமாக நாம் கருதவில்லை.

இடிபாடு எதைக் கற்பிக்கும் என்பதற்கு அபூஸீரே நல்ல சான்று. அரசன் நெஃபெரெஃப்ரெ இளமையிலேயே இறந்ததால் அவன் பிரமிடு முதற்படியோடு நின்றுவிட்டது. 1902 முதல் 1908 வரை அங்கு அகழாய்ந்த ஜெர்மானிய அறிஞர் லூத்விக் போர்ஹார்ட், இத்தகைய பிரமிடுகள் வெங்காயத் தோல் போல உள்ளிருந்து அடுக்கடுக்காகச் சாய்த்துக் கட்டப்பட்டவை என்று கருதினார். பின்வந்த செக் நாட்டு ஆய்வாளர்கள், முற்றுப்பெறாத இந்தக் கட்டடத்தில் உட்கட்டு திறந்தே கிடந்ததால், அவ்வாறான அடுக்குகள் இல்லை என்று கண்டனர். முழுமையான பிரமிடு மறைத்து வைத்ததை முழுமையடையாதது காட்டிவிட்டது. இவ்வரசனுக்கு அவசரமாகச் செங்கல்லால் கோயிலொன்று கட்டினர். செங்கல்லைத் திருட யாரும் வராததால் அதனுள் சிலைகளும் பாப்பிரஸ் ஏடுகளும் தப்பின. 1982இல் அவ்வேடுகள் கிடைத்தன.

அதற்கு முன்பே, 1893இல், நெஃபெரிர்காரெயின் கோயிலில் ஊர்மக்கள் தோண்டியபோது வேறு ஏடுகள் வெளிப்பட்டிருந்தன. அவற்றில் இருப்பவை யாவை? பூசகர்களின் முறைப்பட்டியல், வந்துசேர்ந்த அப்பம், இறைச்சி ஆகியவற்றின் கணக்கு, பாத்திரங்களின் இருப்புப் பட்டியல், எதில் கீறல் விழுந்திருக்கிறது, எது பழுதாகியிருக்கிறது என்ற குறிப்பு. என்றென்றும் நிலைக்கும் என்று எண்ணி எழுப்பிய அரசக் கோயிலில், ஒரு கணக்கர் அமர்ந்து, உடைசலைக் குறித்துக்கொண்டிருக்கிறார்! உலகின் நிலையாமைக்கு இதைவிடத் தெளிவான சாட்சியை எந்தக் கற்பனைக் கதை தரும்? உண்மையை ஆராய்வதால் இப்ரத்து குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் இந்தக் கணக்கேட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இடிபாடு இன்னும் பேசி முடிக்கவில்லை. ஸாஹூரெயின் பிரமிடுக்குள் பண்ட அறைகள் இருக்கக்கூடும் என்று 1836இல் ஜான் பெரிங் ஊகித்தார். 1907இல் போர்ஹார்ட் அதை ஏற்கவில்லை. 2023இல் எகிப்திய, ஜெர்மானியக் கூட்டு ஆய்வுக் குழு எட்டு அறைகளைக் கண்டறிந்து அறிவித்தது. ஊகித்தவர், மறுத்தவர், திறந்து பார்த்தவர் என்ற இவ்வரிசையில், உயரக் கணக்கை ஐயுற்றுத் தாமே அளக்க விரும்பிய பக்தாதி மருத்துவருக்கும் ஓர் இடம் உண்டு.

சிலர் ஹதீஸை முன்வைத்து மறுப்பர். தபூக் பயணத்தில் ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த அல்ஹிஜ்ர் பகுதியைக் கடந்தபோது, அநீதியிழைத்தோரின் இருப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவன்றி நுழைய வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்து விரைந்து சென்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. இதை நாம் தலைமேற் கொள்கிறோம். ஆனால் அல்ஹிஜ்ர், தண்டனை இறங்கிய இடமென வேதம் சொன்ன இடம். பிரமிடு கட்டியோர் அவ்வாறு தண்டிக்கப்பட்டதாக வேதம் சொல்லவில்லை. மேலும், அந்த ஹதீஸ் பார்வையை முற்றிலும் தடுக்கவில்லை. அலட்சியமான பார்வையையே தடுக்கிறது. அழுகையும் இப்ரத்தும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்பதை மேலே கண்டோம். அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) எகிப்தை வென்று ஃபுஸ்தாத்தை அமைத்தார்கள். நதிக்கு அப்பால் பிரமிடுகள் நின்றன. அவற்றை இடிக்க யாரும் ஆணையிடவில்லை.

பெருவிஞ்ஞானிகளின் புவியியலாளர் இத்ரீஸியோடு குழப்பக்கூடாத, 1251இல் மறைந்த அபூ ஜஃபர் அல்இத்ரீஸி பிரமிடுகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஹஜ் வழியில் எகிப்தைக் கடந்தும் பிரமிடுகளைப் பாராமல் திரும்பிய மாணவரைக் கடிந்துகொண்டு மீண்டும் அனுப்பிய மஃக்ரிபு ஆசிரியர் ஒருவரின் கதையை அதில் சொல்கிறார். பார்க்கத் தவறியதைக் குற்றமாகக் கருதிய ஆசிரியர்களும் நம் மரபில் இருந்திருக்கிறார்கள்.

அல்பக்தாதி இதை ஒரு கொள்கையாகவே வகுத்துள்ளார். முற்கால மன்னர்கள், தமக்குப் பகைவரான சமூகத்தாருடையவையாக இருந்தபோதும் இச்சின்னங்களைப் பாதுகாத்தனர் என்று கூறி, அதன் பயன்களை அடுக்குகிறார். அவை காலத்தைக் கணிக்க உதவும் வரலாறு, அச்சமூகங்களைக் குறிப்பிடும் வேதங்களுக்குச் சாட்சி, பின்வருவோருக்கு நினைவூட்டல், முன்னோரின் அறிவையும் வாழ்வையும் காட்டும் ஆதாரம். இவற்றுள் இரண்டாவதை ஊன்றி நோக்குக. சின்னத்தை அழிப்பவன் வேதத்தின் சாட்சியை அழிக்கிறான் என்பது இதன் உட்பொருள். 2001 மார்ச்சில் பாமியான் சிலைகள் தகர்க்கப்படவிருந்தபோது, எகிப்தின் அன்றைய முஃப்தி நஸ்ர் ஃபரீத் வாஸில் உள்ளிட்ட அறிஞர் குழு காந்தஹார் சென்று தடுக்க முயன்றது. பயன் விளையவில்லை. அக்குழுவினர் பேசிய நியாயம் மேலைநாட்டாரிடம் இரவல் வாங்கியதன்று. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபியில் எழுதப்பட்டது.

புகழ்ந்த நாவால் குறையையும் சொல்ல வேண்டும். ஸலாஹுத்தீனின் மகன் அல்மலிக் அல்அஜீஸ் உஸ்மான், அறிவற்ற சிலரின் பேச்சைக் கேட்டு, கீஸாவின் மூன்றாம் பிரமிடை இடிக்க முற்பட்டதை அல்பக்தாதி அருமையாக விவரிக்கிறார். எட்டு மாதம் ஆள்கள் பாளையமிறங்கி உழைத்தும், நாளொன்றுக்கு ஒன்றிரண்டு கல்லைத்தான் வீழ்த்த முடிந்தது. விழுந்த கற்களைப் பார்த்தால் பிரமிடே அழிந்துவிட்டது போலிருக்கிறது. பிரமிடைப் பார்த்தால் எதுவும் குறையாதது போலிருக்கிறது. ஆயிரம் தீனார் கொடுத்தால் ஒரு கல்லையேனும் இருந்த இடத்தில் வைப்பாயா என்று மேஸ்திரியிடம் கேட்டபோது, அதைப்போல் இருமடங்கு தந்தாலும் இயலாது என்று அவர் சொன்னதைப் பதிகிறார். அதன் வடபுறத்துப் பிளவு இன்றும் தெரிகிறது. ஆனால் கோட்டை, மதில், பாலம் ஆகியவற்றுக்காகச் சிறு பிரமிடுகளை உண்மையாகவே இடித்துமுடித்த கராகூஷை அவர் பெருநோக்குடையவர் என்றே அறிமுகப்படுத்துகிறார். தோற்ற இடிப்பு பழிக்கப்படுகிறது. வென்ற இடிப்பு பழியின்றிக் கடந்துபோகிறது. அவர் வகுத்த கொள்கைப்படி இரண்டும் ஒன்றே அல்லவா? பொதுநலனுக்கான கட்டடம் என்றால் சாட்சியை உடைக்கலாமா என்ற கேள்வியை அவர் எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. புதையல் தேடிக் கல்லறைகளைக் கிளறுவோரை அவர் கண்டிக்கிறார். ஆயினும் அக்கல்லறைப் பிணங்களிலிருந்து எடுக்கப்பட்ட மூமியா என்னும் மருந்துப்பொருளை, மூன்று மண்டைகள் நிறைய அரை திர்ஹத்துக்குத் தாம் வாங்கியதாகச் சற்றும் கூசாமல் எழுதுகிறார். வாங்குவோர் இருந்ததால்தானே தோண்டுவோர் தோண்டினர்? பிரமிடுகள் அகாதைமூனுக்கும் ஹெர்மீஸுக்கும் உரிய கல்லறைகள் என்று ஸாபியீன்களின் நூலில் படித்ததையும், தம் வழக்கமான ஐயத்துக்கு உட்படுத்தாமல் எடுத்தெழுதிவிடுகிறார். எலும்பைச் சோதித்த கண் ஏட்டைச் சோதிக்கவில்லை.

இக்குறைகளால் நூலின் மதிப்பு குன்றிவிடவில்லை. அபுல்ஹவ்லின் முகத்தில் மூக்கும் கண்ணும் காதும் பொருந்திய ஒழுங்கை அவர் வியந்து எழுதியிருக்கிறார். அந்த மூக்கைப் பின்னர் 1378 அளவில் ஒரு துறவி சிதைத்தார் என்று அல்மக்ரீஸி எழுதுகிறார். சிதைவுக்கு முந்திய முகத்தை நமக்குக் காத்துத் தந்தது ஒரு முஸ்லிம் மருத்துவரின் எழுத்து. 2011இன் கொந்தளிப்பில் அபூஸீரிலும் தஹ்ஷூரிலும் கள்ளத்தனமாகத் தோண்டினர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைப்பது எவ்வளவு பெரிய அமானிதம் என்பதை அந்நாள்கள் மீண்டும் உணர்த்தின.

அரபுக் கல்லூரிகளில் உயர்வகுப்பு மாணவர்கள் இலக்கியப் பாடத்துக்கென ஒரு பயண நூலை வாசிக்கும்போது, இந்நூலின் நான்காம் அத்தியாயத்தையும் தாடையெலும்பைப் பற்றிய பகுதியையும் சேர்த்து வாசிக்கலாம். நடை எளிது, சொற்கள் துல்லியமானவை, அளவிலும் சிறியவை. அவற்றோடு அபூஸீர் அகழாய்வு பற்றிய ஒரு கட்டுரையையும் ஆசிரியர் அறிமுகப்படுத்தினால், ‘இஃதபர’ என்னும் வினைச்சொல்லின் இரு பொருள்களும் மாணவர்களுக்கு ஒரே பாடத்தில் விளங்கும். அம்மாணவர்கள் நாளை மிம்பரில் ஃபிர்அவ்னைப் பற்றிப் பேசும்போது, இறைமறை எதைச் சொல்லியிருக்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துச் சொல்லவும் அது உதவும்.